மஞ்சப்பைச் சீர்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வந்துவிடும் என்று ஊரில் பேர். பொய்யில்லை. வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் அண்ணன் மேல் வந்த கோபம் மட்டும் மெல்ல மெல்ல வந்தது. அது இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. 2005இல் அந்தப் பக்கத்தில் மீன்குட்டை வைத்திருந்த ஒரே பொம்பளை நான்தான். என் வீட்டுக்காரர் நல்லகாமன், கிணற்றுமேட்டு வயலில் பருத்தி போட்டுப் போட்டு நொந்துபோயிருந்த நேரம். "இந்த வயல்ல குட்டை வெட்டுவோம், கட்லாவும் ரோகுவும் விடுவோம்" என்று அவரைக் கரைத்தது நான்தான். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். அவர் கல் இல்லை, கொஞ்சம் கெட்டி மண், அவ்வளவுதான். முதல் வருசம் சுமாராக வந்தது. அடுத்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது, தண்ணீர் வற்றி மீன் விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. அப்போதுதான் செங்கல் சூளைக்காரர் சிவனாண்டி எங்கள் வயலைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். செங்கலுக்கு ஏற்ற மண்ணாம். ஆள் ஆழம்வரை தோண்டி எடுத்துக்கொள்வாராம்.

"இந்த ஒரு போகம் பாக்குறேன் சுபா. இதுலயும் தேறலேன்னா சிவனாண்டி மாமாவுக்கு மண்ணெடுக்க விட்டுருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

சூளைக்கு மண் எடுத்த வயல் செத்த வயல். அதில் பிறகு மீனும் விளையாது, பருத்தியும் விளையாது, கருவேலம்தான் முளைக்கும். அதனால் அந்தப் போகம் எனக்கு உயிர்ப் போகம். தண்ணீர் பஞ்சமில்லாத வருசமாகவும் அமைந்தது. நான் ஓடியது என் அண்ணனிடம்.

அண்ணன் பேர் அழகுராஜா. பேருக்கேற்ற ஆள்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. மீன்குட்டைக்காரன் சட்டை எப்படி அப்படி இருக்கும் என்று நான் அப்போது யோசித்ததில்லை. பிறந்த ஊரில் இரண்டு குட்டை வைத்திருந்தான். அதோடு, விளாங்குடியில் ஹரிராம் என்பவர் நடத்திய மீன்தீவனக் கடைக்கு எங்கள் பக்கத்து ஏஜென்டாகவும் இருந்தான். எந்தக் குட்டைக்கு என்ன மருந்து, எந்த மீனுக்கு என்ன தீவனம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லுவான். எனக்கும் சொன்னான்.

"குஞ்சைக் கொஞ்சம் கூடவே விடுத்தா. தீவனத்தையும் கூட்டிப் போடு. இப்ப புரோபயாடிக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. நம்ம தயிர்ல இருக்குற மாதிரி உயிருள்ள நல்ல கிருமி. மீன் வயித்துக்குள்ள போனா தின்னது செரிக்கும், சீக்கு அண்டாது. தண்ணியில ஊத்துனா அடியில கெடக்குற கழிவையெல்லாம் அதுவே தின்னுரும். நான் கொண்டாந்து தாரேன், நீ ஏன் கவலப்படுற?"

நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? அண்ணன் சொன்னால் எனக்கு அது கோயில் வாக்கு. அப்பா போன பிறகு சொத்தைப் பிரித்தபோது பத்திர ஆபீசில் என் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள் நான். "சட்டப்படி உங்களுக்கும் பங்கு இருக்கேம்மா" என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். "எனக்குப் பங்கு வேணாம், பொறந்த வீட்டு வாசல் இருந்தாப் போதும்" என்றேன். எவ்வளவு பெரிய வசனம்! இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அண்ணன் கண் கலங்கினான். தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் சீரோடு வந்து என் வாசலில் நிற்பேன் என்று சொன்னான். சொன்னபடி வந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருசத் தீபாவளிச் சீர் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது. சேலை, வேட்டி, இனிப்பு, பழம். இவற்றோடு ஒரு ஆட்டோ நிறைய மஞ்சள் துணிப்பைகள். ஒவ்வொன்றின் வாயையும் தைத்து, குங்குமம் வைத்திருந்தது. என் மாமியார் மலையம்மாள் வாயைப் பிளந்துவிட்டார்.

"என்னப்பா இம்புட்டுப் பை? அரிசியா?"

"அரிசி எல்லாரும்தான் குடுப்பாங்க அத்தை. இது தங்கச்சி குட்டைக்கு மருந்து. ஒரு போகத்துக்கு ஆகுற அம்புட்டும் இருக்கு. கம்பெனிப் பையில கொண்டாந்தா சீர் மாதிரி இருக்காதுன்னு மஞ்சப்பையில மாத்திக் கட்டிக் கொண்டாந்தேன்" என்றான் அண்ணன்.

எனக்கு அந்த இடத்தில் அழுகையே வந்துவிட்டது. மருந்தைக்கூடச் சீராக மாற்றிக் கொண்டுவர எந்த அண்ணனுக்குத் தோன்றும்? பைகளை சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சூடம் காட்டி, அப்புறம்தான் உள்ளே எடுத்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மச்சான் குடுத்தது சரிதான். ஆனா பையில பேரு இல்ல, தேதி இல்ல. விளாங்குடிக் கடையில ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஊத்துவோமா?" என்றார்.

நான் அவர் மேல் பாய்ந்தேன். "எங்கண்ணன் கொண்டாந்த சீரை நீங்க கடையில போய் சோதிச்சுப் பாப்பீகளோ? நாளைக்கு எனக்கு எடுத்த சேலையையும் கடைக்குக் கொண்டுபோய் என்ன வெலைன்னு கேப்பீகளா?"

அந்த மனுசன் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீரைக் கேள்வி கேட்டவன் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்த முடியாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

பைக்குள் இருந்த மருந்துப் பொடியை எப்படிச் சேர்ப்பது என்று அண்ணன் குட்டையில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். மண்டைவெல்லத்தைக் கரைத்து, பொடியையும் அரிசித் தவிட்டையும் போட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் இட்லி மாவு மாதிரி பொங்கி நிற்கும். மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கில் ஏறும். அதில் கொஞ்சத்தைத் தீவனத்தில் பிசைந்துவிட்டு, மீதியை வெயில் ஏறியதும் குட்டையில் ஊற்றிவிட வேண்டும்.

அங்கே பார்த்தபடியே கரைத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் தவிடு அடியில், தண்ணீர் மேலே. ஒரு நுரை இல்லை. வெல்ல வாசம்தான் அடித்தது. அடுத்த தடவை வெல்லத்தைக் கூட்டினேன். அதற்கடுத்த தடவை டிரம்மைச் சுற்றி சாக்குப் போட்டேன். ம்ஹூம். செக்கானூரணி போன் பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"குளுரு காலம்ல, அப்படித்தான் இருக்கும். பொங்கலேன்னாலும் வேலை செய்யும்த்தா. நீ பாட்டுக்கு ஊத்து. தீவனத்தை மட்டும் கொறைச்சுராத" என்றான்.

ஊற்றினேன். நாள் தவறாமல் ஊற்றினேன். கழிவையெல்லாம் கிருமி தின்றுகொண்டிருக்கிறது என்று நம்பி, பழைய தண்ணீரை மாற்றவும் இல்லை. நெரிசலாக விட்ட குஞ்சு, அளவுக்கு மீறிய தீவனம், அடியில் கிடந்து நாறும் கழிவு. கார்த்திகை அடைமழையில் வெயில் காணாமல் போனதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. மீன்கள் தீவனத்தைப் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிப் போயின. விடியும்போது தலையைத் தூக்கித் தூக்கி மேலே வாயைப் பிளந்தன. பிறகு விலாவில் சிவப்புச் சிவப்பாகப் புண். கரையோரம் வெள்ளை வயிறு காட்டிக்கொண்டு மிதந்த ரோகுவை வலையில் அள்ளும்போது எனக்குக் கை கூசியது. கையளவுக்கு நான் வளர்த்த மீன்.

விசயம் கேள்விப்பட்டு அண்ணன் பைக்கில் வந்தான். கரையை ஒரு சுற்றுச் சுற்றினான். டிரம்மைத் திறந்து பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். என் வீட்டுக்காரர், மாமியார், வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர், எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொடி ஒண்ணாந்தரம் மாப்ள. எங்குட்டையில இதே பொடிதான். எப்படிப் பொங்குது தெரியுமா! என்னன்னா..." என்று இழுத்து, என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தான். "உறை ஊத்துறதுக்கு ஒரு கைராசி வேணும்ல. தங்கச்சி கைக்கு இது சேரல போல."

அவ்வளவுதான். மாமியாருக்கு அது போதும். "நானும் நெனச்சேன்ப்பா, சொன்னா மருமக கோவிச்சுக்குவான்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார். எனக்குக் கைராசி இல்லையாம்! நான் உறை ஊற்றிய தயிரைக் கத்தி வைத்து வெட்டலாம். கல்யாண வீடுகளுக்குத் தயிர் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் டிரம் பொங்கவில்லையே. அந்த டிரம் முன்னால் நான் என்னத்தைப் பேசுவது? அன்றையிலிருந்து வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவதை மாமியார் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஊருக்குள் பேச்சு நடந்தது. மெல்ல மெல்ல எனக்கே என் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. சட்டியைத் தொடும்போதெல்லாம் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்கழி பிறந்ததும் சிவனாண்டி மறுபடியும் வந்தார். தை பிறக்கட்டும், முடிவு சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார். அதைக் கேட்ட மறுநாளே நான் பிறந்த ஊருக்கு பஸ் ஏறினேன். ஒரு யோசனை இருந்தது. நம் வீட்டுப் பால் உறையவில்லை என்றால் என்ன செய்வோம்? நன்றாக உறைகிற வீட்டில் போய் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வருவோம். ராசியுள்ள அண்ணன் வீட்டு டிரம்மிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்து ஊற்றினால் என் டிரம்மும் பொங்காதா?

அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி முத்துத்தாய்தான் இருந்தாள். சூதுவாது தெரியாதவள். "உறைமோர் கேட்டா இல்லேன்னு சொல்லலாமா" என்று சிரித்துக்கொண்டே குட்டைக்கரைக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் டிரம்மைத் திறந்தால் நுரை மூடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் புளித்த வாடையை முகர்ந்ததும் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. தன் தூக்குச்சட்டி நிறைய மொண்டு கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து வெல்லமும் தவிடும் கரைத்து, தூக்குச்சட்டியில் இருந்ததை அதில் ஊற்றினேன். அண்ணனுடைய பொடியைச் சேர்க்கவில்லை. அதுதான் ஏற்கெனவே அண்ணன் வீட்டு உறையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

காலையில் டிரம் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரே பொங்கல். நான் கையை உள்ளே விட்டு அளைந்தேன். இதே கைதான். அதே டிரம், அதே வெல்லம், அதே தவிடு, அதே குளிர்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம்தான். கரையில் உட்கார்ந்து தீவனம் பிசையும்போது மனசு கணக்குப் போட்டது. எல்லாம் அதே என்றால் மாறினது எது? பொடி மட்டும்தான். சே, என்ன புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பைக்குள் காற்றுப் புகுந்திருக்கும், என் வீட்டில் ஈரம் பட்டிருக்கும். அண்ணனுக்குத் தெரிந்தால் துடித்துப்போவான். அவனுக்குத் தெரியாமல் கடையிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஆரப்பாளையம் பஸ் பிடித்து, அங்கிருந்து விளாங்குடி போனேன். மஞ்சப்பைப் பொடியில் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கடை திண்டுக்கல் ரோட்டு மேலேயே இருந்தது. ஹரிராம் சௌராஷ்டிரக்காரர். அவர் அப்பா காலத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார்களாம். வழுக்கைத் தலை, மெல்லப் பேசுகிற மனுசர். அழகுராஜா தங்கச்சி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே பார்த்துத் தன் மனைவி சூடாமணியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார், காபி வந்தது. நான் பொட்டலத்தை நீட்டினேன்.

ஹரிராம் பொடியை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், முகர்ந்தார். "இதுல உயிர் இல்லையேம்மா. எங்க வாங்குனீங்க?"

"உங்க கடைச் சரக்குதான்ணே. எங்கண்ணன் தீவாளிக்குக் கொண்டாந்தாரு. மஞ்சப்பையில."

"மஞ்சப்பையா? நம்ம சரக்கு வெள்ளைப் பையில வரும். பேரும் தேதியும் அச்சடிச்சிருக்கும்" என்றவர், சட்டென்று நிறுத்தினார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை பை இருக்கும்மா?"

"ஒரு ஆட்டோ நெறைய."

அவர் முகம் போன போக்கிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட குடோனில் கிடந்த சரக்கு வெந்துபோய்விட்டது. உயிருள்ள சாமான், சூடு தாங்காது. தேதியும் முடிந்துபோனது. கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "யாருக்கும் இதைக் குடுத்துராதப்பா, பேர் கெட்டுப் போயிரும், குழி தோண்டிப் பொதைச்சிருன்னு உங்க அண்ணன்கிட்டத்தாம்மா ஏத்தி விட்டேன். பொதைச்சாச்சு அண்ணாச்சின்னு வந்து சொன்னாரு."

புதைத்துத்தான் இருக்கிறான். என் குட்டையில் புதைத்திருக்கிறான்.

ஹரிராம் மன்னிப்புக் கேட்டார். நல்ல பொடி ஒரு பை எடுத்து வைத்தார். "அது வேணாம்ணே, எங்கிட்ட உறை இருக்கு" என்றேன். தீவனத்தைக் குறை, அடித்தண்ணீரை மாற்று, சுண்ணாம்பு போடு, உப்புப் போடு என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதுக்குள் "கைராசி, கைராசி" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பிறந்த ஊர் ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்தேன். அண்ணன் குட்டைக்கரையில் தீவனம் வீசிக்கொண்டிருந்தான். அவன் கை போன பக்கமெல்லாம் மீன் குதித்தது. நான் வந்த வேகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. விளாங்குடிக்குப் போயிருந்தேன் என்றேன். அவன் மறைக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"வெசமாத்தா குடுத்தேன்? செத்த பொடி. தவிட்டுக்குச் சமானம். எருவாப் போயிரும்னு நெனச்சேன்."

"அதை நம்பித்தானண்ணே குஞ்சைக் கூட விட்டேன். அதை நம்பித்தான தண்ணி மாத்தாம இருந்தேன்! ஏண்ணே இப்படிப் பண்ணுன?"

"இந்த வருசம் எங்கையில ஒண்ணும் நிக்கல சுபா. வெறுங்கையோட வந்தா ஒன் மாமியா வீட்ல ஒனக்குத்தான கேவலம்? ஒன் கவுரவத்துக்காகத்தான் செஞ்சேன்."

"வெறுங்கையோட வந்திருந்தா வாசல்ல கோலம் போட்டுக் கூப்பிட்டிருப்பேன்ணே. சரி, எனக்கு ஏன் குடுத்த? வேற யாருக்காச்சும் குடுத்துத் தொலைச்சிருக்க வேண்டியதுதான?"

அதற்கு அண்ணன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குரலை உயர்த்தாமல், சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னான்.

"வெளியாளுக்குக் குடுத்தா கடையில வந்து சட்டையப் பிடிப்பான்த்தா. நீ என் கூடப் பொறந்தவ. பொறந்த வீட்டுப் பேரை நீ வெளியில கெடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கிறது. என்னை எனக்கே தெரிந்ததைவிட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மேல் நான் வைத்திருந்த பாசம் எவ்வளவு என்று அளந்து பார்த்து, அந்தப் பள்ளத்துக்குள் குப்பையைக் கொட்டியிருக்கிறான். "கைராசி" என்றானே, அந்த வார்த்தையை ஏன் சொன்னாய் என்று கேட்கத்தான் போனேன். கேட்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "அழுகாதத்தா. பொங்கலுக்கு நல்ல பொடியாக் கொண்டாறேன், யாருக்கும் தெரிய வேணாம்" என்று தலையைத் தடவப் பார்த்தான். நான் விலகி பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தேன்.

இதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கணித்தபடியே நடந்துகொண்டேன். வாசல் தெளிப்பேன், வாய் வரைக்கும் வரும், முழுங்கிவிடுவேன். சொன்னால் நாளைக்கு ஒரு சண்டையில் "உன் அண்ணன் யோக்கியதை தெரியாதா" என்று ஒரு வார்த்தை வந்துவிடுமே. பிறந்த வீட்டுக்குக் கெட்ட பேர் வந்தால் பொம்பளைக்கு நிற்க இடம் ஏது என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது. அந்த வளர்ப்பை வைத்துத்தான் அண்ணன் என் வாயைத் தைத்திருந்தான்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மோட்டாரைப் போட்டு அடித்தண்ணீரை மாற்றினேன். சுண்ணாம்பும் உப்பும் போட்டேன். தூக்குச்சட்டி உறையை விடாமல், தினமும் டிரம்மின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வெல்லமும் தவிடும் சேர்த்துப் பொங்க வைத்தேன். பாதி மீன் போனது போனதுதான். மீதி இருந்தவை தீவனத்துக்கு மேலே வந்தன, புண் காய்ந்தது. பொங்கலுக்குள் கட்லா ஒன்று துள்ளினால் கரை நனையும் அளவுக்குக் குட்டைக்கு உயிர் வந்தது. "அண்ணன் வீட்டு ராசி" என்றார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரம் மூடியை அழுத்தி மூடினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன் வந்தான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, வெல்லம், அரிசி. இந்தத் தடவை வெள்ளைப் பை ஒன்று, பேரோடும் தேதியோடும். சிவனாண்டியும் அதே நேரம் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார், "என்ன மச்சான் செய்ய? பாதிக்கு மேல செத்துப்போச்சு. இப்பத்தான் தேறுது. ஆனா அவ கையை நம்பி அடுத்த போகம் எறங்கப் பயமா இருக்கு. நீங்க மருந்தெல்லாம் நல்லதாத்தான் குடுத்தீக. தை பொறந்ததும் மாமாவுக்கு விட்டுரலாம்னு பாக்குறேன்."

நான் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சீரை வாங்க வேண்டியவள் நான். அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடு, நீயே சொல்லிவிட்டால் உன்னை மன்னிக்கக்கூடத் தயார் என்று பார்த்தேன். என் கண்ணை அவன் படித்தான். படித்துவிட்டுத்தான் பேசினான்.

"என்ன மாப்ள செய்ய முடியும்? அவ கைராசி அப்படி."

தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். உள்ளே போய் மிச்சமிருந்த மஞ்சப்பை ஒன்றைத் தூக்கி வந்து எல்லோருக்கும் நடுவில் போட்டேன்.

"இந்தப் பொடி போன சித்திரை வெயில்லயே செத்த பொடி. பொதைக்கச் சொல்லி விளாங்குடிக் கடைக்காரரு எங்கண்ணன்கிட்டக் குடுத்தது. தேதி தெரியக் கூடாதுன்னு மஞ்சப்பையில மாத்தி, குங்குமம் வச்சு, எனக்குச் சீராக் கொண்டாந்துட்டாரு. எங்கைக்கு ஒரு கொறையும் இல்ல. இப்ப குட்டையில இருக்குற உயிரு இந்தக் கையால வளத்தது. யாருக்காச்சும் சந்தேகம்னா கடைக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அண்ணன் "சுபா" என்றான். அந்த ஒரு வார்த்தையில், நான் அவனுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல ஒரு அதிர்ச்சி. அதைப் பார்த்துத்தான் எனக்கு நெஞ்சு உடைந்தது. அவன் செய்தது அவனுக்குத் துரோகமாகவே தெரியவில்லை. நான் சொன்னதுதான் துரோகம்.

முதலில் பேசியவர் மாமியார். இத்தனை நாளும் என் கையைக் கரித்துக்கொட்டியவர், "பொறந்த வீட்டை இப்படியா சந்தியில நிறுத்துவ?" என்று என்னைத்தான் ஏசினார். என் வீட்டுக்காரர் மஞ்சப்பையைக் காலால் தள்ளினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "மாமா, மண்ணுக்கு வேற எடம் பாத்துக்கங்க. இங்க அடுத்த போகமும் மீன்தான்."

நான் உள்ளே போய் அண்ணியின் தூக்குச்சட்டியை எடுத்தேன். என் டிரம்மிலிருந்து நிறைய மொண்டு மூடினேன். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அண்ணிக்கிட்டக் குடுத்துரு. வாங்குன உறை திரும்பியாச்சு. சீரையும் எடுத்துக்கிட்டுப் போண்ணே."

"அம்புட்டுத்தானாத்தா?" என்றான்.

"அம்புட்டுத்தான்."

கரும்பை பைக்கில் மறுபடியும் கட்ட அவனுக்கு வெகுநேரம் ஆனது. கட்டிக்கொண்டு போனான். தூக்குச்சட்டியின் மூடி ஓரத்தில் நுரை வழிந்து அவன் வெள்ளைச் சட்டையில் ஒழுகியது.

அன்று விளக்கு வைக்கும் முன்னால் மாமியார் காய்ச்சிய பாலைக் கொண்டுவந்து என் முன்னால் டொக்கென்று வைத்தார். "உறை ஊத்திரு" என்றார்.

குட்டை இன்றைக்கும் இருக்கிறது. இப்போது பக்கத்தில் இன்னொன்றும் வெட்டியிருக்கிறோம். டிரம்மில் பொங்குவது அதே உறைதான், அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. புதுப்பொடி வாங்கி மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு வருசமும் நினைக்கிறேன், மாற்றவில்லை. அண்ணன் அதன்பிறகு என் வாசலுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவன் வராதது எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லுவேன்.

ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் ரோட்டில் பைக் சத்தம் கேட்டால், நான் என்ன வேலையாக இருந்தாலும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். பைக் நிற்காமல் போன பிறகுதான் கோபம் வருகிறது.